சேர்ந்து பாட ஒரு கை: குழந்தைகள் பாட்டுக்குழுவை நடத்துவோருக்குச் சில அடிப்படைகள்

தமிழ்நாட்டுக்கு வெளியே எந்த ஊர்த் தமிழ்ச் சங்க விழாவை எடுத்துக்கொண்டாலும் தொடக்கம் ஒன்றுதான். திரை விலகும். பட்டுப் பாவாடையும் சின்ன வேட்டியுமாக இருபது, முப்பது பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கும். மேடை ஓரத்தில் ஒருவர் கை காட்டிக்கொண்டிருப்பார். அவர் பெரும்பாலும் தொழில்முறைச் சங்கீத ஆசிரியர் அல்லர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவராக இருப்பார். அல்லது சின்ன வயதில் நாலைந்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஒரு அம்மா. அல்லது ஓய்வுபெற்றபின் சங்கத்துக்கு உழைக்கும் ஒரு பெரியவர். "நீங்கதான் நல்லா பாடுவீங்களே, பசங்களைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கும். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அவர்களுக்காகவே இக்கட்டுரை. மேல்நாட்டு இசையில் குழுவை நடத்துவது தனிக் கலை. அதற்கென்றே பல ஆண்டுப் படிப்பு உண்டு. ஆனால் முப்பது பிள்ளைகளை ஒன்றாகத் தொடங்க வைத்து, ஒன்றாக மூச்சு விட வைத்து, ஒன்றாக முடிக்க வைப்பதற்கு வேண்டிய அடிப்படைகள் மிகச் சில. ஒரு மாதம் பழகினால் யாருக்கும் கைவரும்.

"அதான் டிராக் போட்டுடலாமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று ஒரு கேள்வி வரும். தமிழக அரசு 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. அப்போது வெளியிட்ட ஆணையிலேயே, விழாக்களில் ஒலிப்பதிவைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறது. வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு அந்த ஆணையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒலிப்பதிவு ஓடும்போது நடுவரிசைப் பிள்ளை வாயை மட்டும் அசைத்தால் யாருக்கும் தெரியாது. நாளடைவில் அந்தப் பிள்ளைக்கும் அது பழகிவிடும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு, முழுசாக மனத்தில் தங்கும் தமிழ் நாலு பாட்டுதான். அதையும் பாடுவதுபோல் நிற்பதற்குப் பழக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

தாளம் போடுவது வேறு, குழு நடத்துவது வேறு

நம்மவர்களுக்குக் கையால் காலத்தை அளப்பது புதிதல்ல. ஆதி தாளம் தெரிந்த எவரும் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு அட்சரத்தைத் தொடையில் கணக்குத் தவறாமல் போட்டுவிடுவார்கள். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். நம் சங்கங்கள் பலவற்றிலும் அதே வழக்கம் உண்டு. அங்கே எதிரே நின்று கை காட்டும் நடத்துநர் கிடையாது. தேவையும் இல்லை. பாடுகிற ஒவ்வொருவருக்கும் கீர்த்தனை மனப்பாடம். ஒவ்வொருவர் கையிலும் தாளம் இருக்கிறது.

ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் அந்தத் தாளம் இல்லை. அதற்காக ஆசிரியர் எதிரே நின்று தாளம் போட்டுக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். சிக்கல் இங்கேதான். தாளத் தட்டு, ஓர் அட்சரம் விழும் அதே கணத்தில் விழுகிறது. பிள்ளை அந்தத் தட்டைப் பார்த்து, புரிந்துகொண்டு, வாயைத் திறப்பதற்குள் அட்சரம் போய்விடும். முன்வரிசையில் இருக்கும் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் சரியாகத் தொடங்குவார்கள். அவர்களைக் கேட்டு அடுத்த வரிசை தொடங்கும். அதைக் கேட்டுக் கடைசி வரிசை. அலை அலையாக வரும் அந்தத் தொடக்கத்தை நாம் எல்லா விழாவிலும் கேட்டிருக்கிறோம்.

தாளம், நடப்பதை எண்ணுகிறது. நடத்துநரின் கை, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. இந்தக் கலையில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடமும் முக்கியமான பாடமும் இதுதான்.

மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் சத்தமாகத் தட்டித்தான் நடத்தினார்கள். பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி, தரையில் கனத்த கோலை இடித்துக் காலம் காட்டுவார். 1687-ல் அப்படி இடிக்கும்போது கோல் அவர் கால் விரலில் பட்டு, புண் அழுகி, அதிலேயே இறந்துபோனார். சத்தம் போடாத சிறு கோலும் வெறுங்கையும் பரவலாக வழக்கத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். சத்தம் போனபின் அந்தக் கை காலம் எண்ணுவதோடு நிற்கவில்லை. வேகம், கனம், உணர்ச்சி எல்லாவற்றையும் முன்னதாகச் சொல்லும் மொழியாக அது வளர்ந்தது.

விசில் முதலில், பஸ் பிறகு

நடத்துநர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பஸ் கண்டக்டர்தான். அந்த உவமை நமக்கு நன்றாகவே உதவும். கண்டக்டர் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் அவர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. அவர் விசில் எப்போது வருகிறது? வண்டி நகரும்போது அல்ல, நகர்வதற்கு முன்னால்.

பாட்டுக்குழுவில் அந்த விசிலுக்குச் சமமானது, பாட்டுத் தொடங்குவதற்கு ஓர் அட்சரம் முன்னால் கை செய்யும் ஓர் அசைவு. இதை 'முன்னசைவு' என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்யும் முறை இது.

முதலில் இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி, அசையாமல் நிறுத்துங்கள். எல்லாப் பிள்ளைகளின் கண்ணும் உங்கள் மேல் வரும்வரை காத்திருங்கள். மனசுக்குள் பாட்டின் முதல் அடியைச் சரியான வேகத்தில் ஒருமுறை பாடிக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் கையை மேலே எடுங்கள்; எடுக்கும்போதே நீங்களும் வாய் திறந்து, எல்லோருக்கும் தெரியும்படி மூச்சை உள்ளே இழுங்கள். கை கீழே இறங்கித் தொடும் இடத்தில் பாட்டுத் தொடங்குகிறது.

ஆசிரியர் மூச்சு இழுத்தால் பிள்ளைகளும் இழுப்பார்கள். சொல்லவே வேண்டாம், தொற்றிக்கொள்ளும். முப்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தால், முப்பது பேரும் ஒரே நேரத்தில்தான் பாடத் தொடங்க முடியும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஸ்டார்ட்" என்று வாயால் சொல்லவேண்டிய அவசியம் அப்புறம் இருக்காது.

முன்னசைவு மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது. கை எழும் வேகம்தான் பாட்டின் வேகம். கை எழும் அளவு, குரலின் கனம். பெரிய அசைவு என்றால் ஓங்கிப் பாடு, சின்ன அசைவு என்றால் மெதுவாகப் பாடு. கை எழும் விதம், பாட்டின் பாவம். தாலாட்டுக்கு எழும் கையும் அணிவகுப்புப் பாட்டுக்கு எழும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டின் எடுப்பு சமமா, அதீதமா, அனாகதமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தாளத் தட்டிலேயே தொடங்கினால், அதற்கு முந்தைய அட்சரம் முன்னசைவு. தட்டுக்குப் பின் தள்ளித் தொடங்கினால் அந்தத் தட்டே முன்னசைவாகிவிடும். தட்டுக்கு முன்பே தொடங்கும் பாட்டுக்கு, அதற்கும் முந்தைய எண்ணிக்கையில் கையை எடுக்க வேண்டும். விதி ஒன்றுதான்: எங்கே பாட்டு ஆரம்பமோ, அதற்கு ஓர் எண்ணிக்கை முன்னால் மூச்சு.

இதை வகுப்பில் சோதித்துப் பார்க்க ஒரு விளையாட்டு. பாட்டே வேண்டாம், 'வணக்கம்' என்ற ஒரு சொல் போதும். "நான் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டேன், என் கை சொல்லும்போது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கையை மட்டும் அசைத்து அந்தச் சொல்லை எல்லோரையும் ஒன்றாகச் சொல்ல வையுங்கள். அடுத்து மெதுவாக, அடுத்து ஓங்கி, அடுத்து இழுத்து. பிள்ளைகளுக்கு ஒரே குஷியாக இருக்கும். உங்கள் கை தெளிவாகப் பேசுகிறதா என்பதும் ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். சொல் சிதறினால் முன்னசைவு தெளிவில்லை என்று பொருள்.

கை போகும் வழி

தொடங்கிய பாட்டை நடத்திச் செல்ல மூன்று கோலங்கள் போதும். எல்லாம் வலது கைக்குச் சொல்வது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் வலது கையிலேயே பழகிக்கொள்வது நல்லது. நாளைக்கு வேறொருவர் நடத்தினாலும் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

இரண்டு எண்ணிக்கைக்குக் கீழே, மேலே. அணிவகுப்பு நடைப் பாட்டுகளுக்கு இது.

மூன்று எண்ணிக்கைக்குக் கீழே, வெளியே வலப்பக்கம், மேலே. திஸ்ர நடைப் பாட்டுகளுக்கு இது. தமிழ்த்தாய் வாழ்த்தும் இதில் அடங்கும். பாட்டு வேகமாகப் போனால் மூன்றையும் தனித்தனியாகக் காட்டாமல், மூன்றுக்கும் சேர்த்து ஒரே வீச்சாகக் கீழே தொட்டு எழும்பலாம்.

நான்கு எண்ணிக்கைக்குக் கீழே, உள்ளே இடப்பக்கம், வெளியே வலப்பக்கம், மேலே. ஆதி தாளப் பாட்டை இப்படி இரண்டு நான்காகப் பிரித்து நடத்திவிடலாம்.

எந்தக் கோலமானாலும் முதல் எண்ணிக்கை கீழ்நோக்கி, கடைசி எண்ணிக்கை மேல்நோக்கி. வழி தவறிய பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், கை கீழே வரும் இடத்தில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று. கை ஒரு மேஜையைத் தொட்டு எழும்புவதுபோல ஒரே மட்டத்தில் தொட வேண்டும். காற்றில் வட்டம் வட்டமாகச் சுழற்றினால், எங்கே அட்சரம் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சுவரில் மார்பு உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் படுமாறு பத்து நாள் பழகுங்கள். ரப்பர் பந்து தரையில் பட்டுத் துள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும். சுத்தியல் மாதிரி இறங்கி நின்றுவிடக் கூடாது.

இடது கைக்குத் தனி வேலை உண்டு. வலது கை செய்வதையே அதுவும் கண்ணாடிபோலச் செய்துகொண்டிருந்தால் ஒரு கை வீண். உள்ளங்கையை மேல்நோக்கி மெதுவாக உயர்த்தினால் குரலை ஏற்று. கீழ்நோக்கித் தாழ்த்தினால் குரலைக் குறை. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் பாட வேண்டிய இடத்தில், ஓர் எண்ணிக்கை முன்னால் அவர்களைப் பார்த்து இடது கையை நீட்டுங்கள். மற்ற நேரத்தில் சும்மா பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. அப்போதுதான் அது அசையும்போது கவனிப்பார்கள்.

முடிவும் தொடக்கத்தைப் போலத்தான். கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்துவதற்கு ஓர் எண்ணிக்கை முன்னால் கையைச் சற்று உயர்த்தி, சின்ன வளையமாகச் சுழற்றி மூடுங்கள். மூடியபின் இரண்டு விநாடி கையை இறக்காதீர்கள். அந்த நிசப்தமும் பாட்டில் சேர்த்திதான்.

யாருடைய சுருதி?

குழந்தைகள் பாட்டுக்குழு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கையல்ல, சுருதி. பாட்டுக் கற்ற பெண்கள் பலருக்கு வசதியான சுருதி 5 கட்டை அல்லது அதை ஒட்டியது. ஆண்களுக்கு 1 கட்டையை ஒட்டியது. ஆசிரியர் தமக்கு வசதியான சுருதியிலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பிள்ளைகளின் குரல் பெரியவர்களின் குரலைவிட உயரத்தில் இருக்கிறது என்பது மறந்துபோகிறது.

ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, கீபோர்டின் நடுவில் இருக்கும் 1 கட்டை ஸ்வரத்திலிருந்து, அதற்கு மேல் ஸ்தாயியில் வரும் 2 கட்டை ஸ்வரம்வரை வசதியாக வரும். ஓர் உதாரணம் பாருங்கள். ஜன கண மன, கீழ் நிஷாதத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை போகிறது. பெண் ஆசிரியர் தம் 5 கட்டையில் எடுத்தால், அடிகள் முடியும் இடங்களில் வரும் கீழ் நிஷாதம் பிள்ளைகளுக்கு எட்டவே எட்டாது. வெறும் உறுமல்தான் வரும். அதையே கீபோர்டின் நடு 1 கட்டையில் அல்லது 2 கட்டையில் எடுத்தால், கீழும் எட்டும், முடிவில் வரும் வெற்றி முழக்கமும் கணீரென்று வரும். ஆண் ஆசிரியருக்கு வேறொரு சிக்கல். அவருடைய 1 கட்டை, பிள்ளைகளின் 1 கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. சின்னப் பையன்கள் அவர் குரலையே பிடிக்கப் பார்த்துத் தொண்டையை அழுத்துவார்கள். ஒரு பெண் பிள்ளையை முதலில் பாட வைத்து, "இவ பாடற உயரத்துல எல்லாரும் பாடுங்க" என்றால் சரியாகிவிடும்.

எந்தப் பாட்டானாலும் முதலில் அதன் மிகக் கீழ் ஸ்வரத்தையும் மிக மேல் ஸ்வரத்தையும் கண்டுபிடியுங்கள். இரண்டும் மேலே சொன்ன எல்லைக்குள் விழும்படி ஸட்ஜத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டையைப் பாட்டுத் தாளின் தலையில் எழுதிவையுங்கள். சினிமாப் பாட்டின் டிராக்கை வைத்துப் பழக்குவதில் உள்ள குறையும் இதுதான். அது ஒரு பெரிய பாடகரின் குரலுக்காக வைத்த சுருதி, நம் பிள்ளைகளுக்காக வைத்ததல்ல.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். அப்போது அவனை, "நீ இந்த வருஷம் பாட வேணாம்பா" என்று நிறுத்திவிட்டால், பிறகு அவன் சங்கத்துப் பக்கமே வரமாட்டான். கீழ் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சுருதிபோல நீட்டிப் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். குழுவுக்கு அஸ்திவாரமே அவன் குரல்தான் என்று சொல்லுங்கள், சொல்வதும் உண்மை.

சொல் ஒன்றாக விழ

வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாட்டை ஒரு அம்மா இந்தி எழுத்தில் எழுதித் தருவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில், மற்றொருவர் வங்காளியிலோ கன்னடத்திலோ. தமிழில் 'ப' ஒன்றுதான். சொல்லின் முதலில் வல்லோசையாகவும், மெல்லினத்துக்குப் பின் மென்மையாகவும் நாமே மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். இந்தி எழுத்திலோ அந்த இரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து. எழுதுகிற அம்மா எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதைத்தான் பிள்ளை பாடும். பத்து வீட்டுத் தாள்கள் பத்து விதமாக இருந்தால், குழுவில் ஒரே சொல் பத்து விதமாக ஒலிக்கும். எனவே தாளை ஒருவரே எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். அதைவிட நல்லது, தாளே இல்லாமல் வாய்மொழியாகக் கற்பிப்பது.

குற்றியலுகரத்தையும் கவனியுங்கள். 'பாட்டு', 'நாடு' என்ற சொற்களின் கடைசி உகரம் நமக்குப் பாதி மாத்திரைதான்; உதடு குவியாது. பிறமொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் அதை முழு உகரமாக, உதட்டைக் குவித்து நீட்டிவிடுவார்கள். ஆசிரியர் ஒருமுறை உதட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சொல் 'ம்', 'ன்', 'ல்' என்று முடிந்தால், நீட்ட வேண்டியது அதற்கு முந்தைய உயிரோசையைத்தான். மெய்யெழுத்தை, உங்கள் கை மூடும்போது எல்லோரும் ஒன்றாக மூட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் முன்னதாகவே வாயை மூடி வண்டுபோல ரீங்காரமிடுவார்கள்.

ழகரம் ஒரே நாளில் வராது. வரவில்லை என்று ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்திச் சொல்லச் சொல்லாதீர்கள். குழுவாகச் சேர்ந்து, நாக்கை உள்மடித்து, அந்த ஓசையை மட்டும் நீட்டிப் பழகினால், கூச்சமில்லாமல் மெல்ல மெல்ல வந்துவிடும்.

நாற்பது நிமிட வகுப்பு

முதல் ஐந்து நிமிடம் குரலைத் தட்டியெழுப்ப. நிமிர்ந்து நின்று, தோளைத் தளர்த்தி, வாயை மூடி 'ம்' என்று ஸட்ஜத்தில் நிற்க வேண்டும். பிறகு ஸ-ப-ஸ.

அடுத்த இருபது நிமிடம் புதுப் பாட்டு. முதலில் முழுப் பாட்டையும் நீங்கள் ஒருமுறை பாடிக் காட்டுங்கள். பொருளை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். புரியாத பாட்டு நெஞ்சில் நிற்காது. பிறகு ஓர் அடி நீங்கள் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். அவர்கள் பாடும்போது நீங்கள் சேர்ந்து பாடாதீர்கள். இது ரொம்ப முக்கியம். நீங்களும் பாடினால் உங்கள் காதில் உங்கள் குரல்தான் விழும். தப்பு எங்கே என்று தெரியாது. கை காட்டுங்கள், காதைக் கொடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும். "சுருதி சேரலை, வார்த்தை தெளிவா இல்லை, வேகம் கூடிப்போச்சு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் திருந்தாது. சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல்.

மிச்ச நேரம், தெரிந்த பாட்டுகளை உங்கள் கையைப் பார்த்துப் பாட. சிலசமயம் வேண்டுமென்றே வேகத்தை மாற்றுங்கள், நடுவில் நிறுத்துங்கள். கை என்ன செய்யுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் இப்படித்தான் வரும். தமிழ்த்தாய் வாழ்த்தைக் கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்து, 55 விநாடியில் முடிகிறதா என்று அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். ஆர்வமாகச் செய்வார்கள்.

இரண்டு குரலாகப் பிரிய

ஒரே குரலாகப் பாடுவது கைவந்தபின், இரண்டாகப் பிரிந்து பாட ஆசை வரும். தமிழுக்கு இதில் நல்ல முன்னோடி உண்டு. 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், 1970-ஐ ஒட்டிச் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதியின் பாடல்களைப் பல குரல்கள் இணைந்தும் பிரிந்தும் பாடும்படி அமைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். வங்கத்தில் ரூமா குஹா டாகுர்தா 1958-ல் கல்கத்தா யூத் கொயர் என்ற குழுவைத் தொடங்கினார். தமிழகத் தேவாலயப் பாடகர் குழுக்கள் நான்கு குரலில் பாடுவதும் நெடுநாள் வழக்கம். ஆகவே சேர்ந்திசை நமக்கு அந்நியமானதல்ல.

எங்கே தொடங்குவது? மோகனத்தில் தொடங்குங்கள். ஸ ரி க ப த என்ற ஐந்தே ஸ்வரம். அரை ஸ்வர நெருக்கம் எங்கும் கிடையாது. அதனால் இரண்டு குரல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் காது கூசாது. இதைச் செய்து பாருங்கள். முதல் குழு ஸ ரி க ப த ஸ் என்று ஏறி, த ப க ரி ஸ என்று இறங்கட்டும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எண்ணிக்கை. இரண்டாம் குழு அதையே இரண்டு எண்ணிக்கை தள்ளித் தொடங்கட்டும். அதாவது முதல் குழு காந்தாரத்துக்கு வரும்போது இரண்டாம் குழு ஸட்ஜத்தில் இருக்கும். முதல் குழு உச்சியைத் தொட்டு இறங்கும்போது, ஏறி வரும் இரண்டாம் குழுவை நடுவழியில் தைவதத்தில் சந்திக்கும். ஒரு கணம் எல்லோரும் ஒரே ஸ்வரம், மறுபடி பிரிவு. முதல் குழு கீழே வந்து ஸட்ஜத்தில் காத்திருக்க, இரண்டாம் குழு இறங்கி வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு படிக்கட்டுகள் நடுவில் சந்திப்பதுபோல் இருக்கும். முதல்முறை இதைக் கேட்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இரண்டாம் குழு நுழைய வேண்டிய இடத்துக்கு ஓர் எண்ணிக்கை முன்னால் உங்கள் இடது கையும் மூச்சும் அவர்கள் பக்கம் திரும்பட்டும். பயிற்சிக்கு இப்படிப் பிரிக்கலாம். தமிழ்த்தாய் வாழ்த்தையும் தேசிய கீதத்தையும் மட்டும் பிரிக்காமல், வரையறுத்த மெட்டில் ஒரே குரலாகப் பாடுவதுதான் முறை.

மேடையில்

பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்துங்கள். ஓரத்தில் நிற்பவர்களுக்கும் உங்கள் கை தெரியும். சுருதி நன்றாகப் பிடிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் குவிக்காமல், பின்வரிசையிலும் நடுவிலும் தூவி வையுங்கள். குரல் பின்னாலிருந்து வந்தால்தான் முன்னால் இருப்பவர்களின் காதில் விழும். ஒரே மைக்கை ஒரு பிள்ளையின் வாயருகே வைத்தால் அது தனிப்பாட்டாகிவிடும். இரண்டு மைக்கைச் சற்றுத் தள்ளி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சபைக்கு முதுகு காட்டி நிற்க நம்மில் பலருக்குக் கூச்சம். "எங்க பொண்ணை மறைச்சிட்டீங்களே" என்று புகாரும் வரும். மேடைக்குக் கீழே, நடுவில் நின்று நடத்தினால் இரண்டு பிரச்சினையும் தீரும். பக்கவாட்டில் ஓரமாக மட்டும் நிற்காதீர்கள். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பினால் குரல் போய்விடும்.

தொடங்குமுன் ஸட்ஜத்தைக் கொடுங்கள். பாட்டின் முதல் ஸ்வரம் வேறாக இருந்தால் அதையும் கொடுங்கள். ஒலிபெருக்கி கரகரத்தாலும், சிறப்பு விருந்தினர் நடந்து வந்துகொண்டிருந்தாலும், கையைத் தூக்கிவிட்டு எல்லாக் கண்ணும் வரும்வரை காத்திருங்கள். நடுவில் சுருதி இறங்கிவிட்டால் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைகள் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை, அதன் பிறகுதான் கையை.

விழா முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். குழுவில் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அடுத்த வகுப்பில் 'வணக்கம்' விளையாட்டை அவர்களையே நடத்தச் சொல்லுங்கள். கீழே, வெளியே, மேலே என்ற மூன்று அசைவைக் கற்றுக்கொடுங்கள். வேலை மாற்றலாகி நாம் வேறு ஊருக்குப் போகலாம். வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது சகஜம். நாம் போனபின்னும் அந்த ஊர் மேடையில் ஒரு கை உயர வேண்டும், அதைப் பார்த்து முப்பது பிள்ளைகள் மூச்சு இழுக்க வேண்டும். அந்தக் கை நாம் பழக்கிவிட்ட பிள்ளையின் கையாக இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?